பத்திய ரசத்தில் மாங்காய்த்தூள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் இருக்கை நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். மூத்தவள் அவள் கணவனின் அக்கா என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“மாங்காத்தூளும் புளி கணக்குதானா அண்ணி?”

“ஏன் கேக்குற?”

“உங்க தம்பிக்கு நேத்து ரசத்துல போட்டுட்டேன்.”

“அடிப்பாவி! காமாலைக்கு மருந்து சாப்புடறவனுக்கா? உப்பு, புளி ஆகாதுன்னு வைத்தியர் சொன்னாரே!”

“புளி போடலயே. நான் சமைக்கிற ஓட்டல்ல, பால் தயிரே தொடாத வீகன்காரங்களுக்கும் அதத்தான் தூவறோம், சோறே வேணாங்கிற கீட்டோகாரங்களுக்கும் அதத்தான் தூவறோம். எல்லா டயட்டுக்கும் சேரும்னு ஓனர் சொல்வாரு. பத்தியத்துக்கும் சேரும்னு நினைச்சேன்.”

“புளிப்பு எதுல வந்தா என்னடி, புளிப்பு புளிப்புதானே?”

“ஒரு வாரமா தட்டத் தள்ளிட்டே இருந்தாரு. நேத்துதான் ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கினாரு.”



“பத்தியம் முறிஞ்சா மருந்த முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்பாரு. இப்ப வைத்தியர்கிட்ட போய் மறைக்காத.”

“மறைக்கல. நானே சொல்லிடறேன்.”

அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. இளையவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க தம்பிகிட்ட மட்டும் நீங்க சொல்லுங்க அண்ணி. கிளம்பும்போதே, ராத்திரிக்கும் அதே ரசந்தானேன்னு கேட்டாரு.”