தூரத்துக்குத் தடித்த கம்பி

இன்று கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிருபத்திரண்டு, மாசி எட்டாம் தேதி. எனக்கு வயது அறுபத்து நான்கும் ஐந்து மாதமும். சபையில் அழுது பழக்கமில்லை. ஆகையால், தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கிழக்கேகோட்டை சனிக்கிழமைச் சங்கீத சபையின் அன்பர்களே, என் குரல் தடுமாறினால் ஒலிபெருக்கியில் கோளாறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யத்தான் இனி ஆள் இல்லையே!

மின்சார இலாகாவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீ ராமசுப்ரமணியன் போய்விட்டார். இந்த ஊரில் வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்கியவர்களில் அவரைக் கேட்காதவர் யார்? ஆம்ப்ளிபையர் எத்தனை வாட் வேண்டும் என்றால் உடனே சொல்லமாட்டார். கூடம் எவ்வளவு பெரிது, ஒலிபெருக்கிகள் எத்தனை, கம்பி எவ்வளவு தூரம் போகிறது என்று திருப்பிக் கேட்பார். ஒற்றைக் கூடத்துக்கு ஐந்து வாட் தாராளம், மிச்சமெல்லாம் ஜம்பம் என்பார்.

வக்கீல் ஸ்ரீனிவாசன் முன்வரிசையில் இருக்கிறார். நான் சொல்வது பிழையானால் மறுக்கட்டும். தம் வீட்டில் ஆண்களுக்குக் கூடத்தில் ஓர் ஒலிபெருக்கி, பெண்களுக்கு அடுக்களையில் ஒன்று என்று வைத்தார். கூடத்துக்கு நல்ல கம்பி. அடுக்களைக்கு, வீட்டில் மிஞ்சிக் கிடந்த நூல் போன்ற மெல்லிய கம்பி. உள்ளே வந்தது கொசுவின் ரீங்காரம். ராமசுப்ரமணியன் போய்ப் பார்த்தார்.

"ஓய், இது காலிங்பெல் கம்பியாக்கும்!"

"பொம்மனாட்டிகளுக்கு இது போறாதா?"

"பாதிப் பாட்டை உம்ம கம்பியே குடிச்சுடறது, ஓய். பக்கத்துல இருக்கறவாளுக்கு எது வேணா போறும். தூரத்துல இருக்கறவாளுக்குத்தான் தடிச்ச கம்பி வேணும்!"

தாமே ஏணியேறி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் ஊருக்கெல்லாம் ஐந்து வாட் என்றவர் தம் வீட்டில் வைத்திருந்தது பதினைந்து வாட். கேலி செய்யாதவர் உண்டா?

"பத்மநாபஸ்வாமிக்கும் கேக்கணுமோ, மாமா?"

"அவருக்கென்னடா, படுத்துண்டே கேப்பர்!" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அன்பர்களே, சபை நிற்காது. சனிக்கிழமைதோறும் அவருடைய கூடத்திலேயே கூடுவோம்; இசைத்தட்டுகளை நான் வைக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய ஆம்ப்ளிபையரை விற்றுவிட்டுச் சிறியதாக வாங்கலாம் என்று நேற்று ஒருவர் யோசனை சொன்னார். கூடாது! ஏன் கூடாதென்று இப்போது சொல்கிறேன். முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் கம்பியை அறுத்திருப்பீர்கள்.

அவருடைய கொல்லையும் என் கொல்லையும் அடுத்தடுத்து. அவர் கூடத்திலிருந்து, கிணற்றடி வழியாக, மதிலுக்கு அடியில் ஒரு கம்பி வருகிறது. விரல் தடிமன். அது முடிவது என் வீட்டுக் கடைசி அறையில், என் தங்கை நாகலக்ஷ்மியின் அறையில். பதினான்கு வயதில் கணவனை இழந்தவள். அவள் தலையை மழித்து, கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வரலாகாது என்று அந்த அறையில் உட்கார்த்தியது இந்தத் தெருதான். அவருடைய இரண்டாவது ஒலிபெருக்கி அங்கேதான் இருக்கிறது. பதினைந்து வாட் அதற்காகத்தான். "நாகுவுக்குத் தெளிவாக் கேக்கறதா?" என்பார். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். அவர் அவளைப் பார்த்ததேயில்லை.

நாகு போன ஐப்பசியில் இறந்தாள். கம்பியைக் கழற்றிவிடலாமா என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் காலி அறையில் பாட்டு வந்துகொண்டிருந்தது.