நான் கேட்ட ஒரேயொரு துளை

அந்த மடிக்கணினி அழகானது என்பதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை, சேர். சாம்பல் நிறம், ஒரு கொப்பியளவு தடிப்பு, ஒரு கையால் தூக்கலாம். எங்கள் மீனவர் சங்கத்துக்கு அப்படியொன்று வந்ததில் எனக்கும் பெருமைதான். நான் கேட்டதெல்லாம் அதன் பக்கத்தில் ஒரேயொரு துளை. அதைத் தந்திருந்தால் இன்று உங்களுக்கும் எனக்கும் இந்த வேலை இல்லை.

நீங்கள் இந்தப் பொலிஸுக்கு மாறி வந்த வெளியூர்க்காரர், எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இறக்கக்கண்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் கரையில் முப்பத்தொரு போட் இருக்கிறது. மீன் கிடக்கும் இடத்தை ஒவ்வொருவனும் ஜி.பி.எஸ்ஸில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்திருப்பான். அந்தப் புள்ளியைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். பெண்சாதிக்கும் சொல்லமாட்டான், அவளுக்கும் கூடப்பிறந்தவன் இருப்பான் அல்லவா. நான்கு வருடத்துக்கு முன் ஒரு போட் திரும்பி வரவில்லை. எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாததால் எங்கே தேடுவதென்றும் தெரியவில்லை. அதன் பிறகு பள்ளிவாசலில் கூடி ஒரு முடிவெடுத்தோம். எல்லோரும் தங்கள் புள்ளிகளை ஆளுக்கொரு பென் டிரைவில் போட்டுச் சங்கத்தில் தரவேண்டும். போட் வராத நாளில் மட்டும், மூன்று பேர் முன்னிலையில், அதைத் திறக்கலாம். களவு போகாமலிருக்க, சங்கத்துக் கணினியைத் தவிர வேறெதிலும் திறக்க ஏலாதபடி அதற்குப் பூட்டும் போட்டார்கள்.

முப்பத்தொரு பென் டிரைவும் ஒரு பிஸ்கட் டின்னில். டின் அலுமாரியில். அலுமாரித் திறப்பு, அந்த ஒரே சாவி, என்னிடம். நான் கடலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடமாகிறது, எனக்கு யாருடைய புள்ளியும் தேவையில்லை. வயதில் மூத்தவனென்று என்னை நானா என்பார்கள்; முனாப் நானாவை நம்பலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நம்பியது சரிதான். இன்றுவரை ஒருவனுடைய புள்ளியையும் நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததில்லை.

பழைய கணினி பழுதாகியபோது செயலாளர் அஷ்பாக் இந்த மெல்லியதைப் பிடித்துக்கொண்டான். அதில் இரண்டே இரண்டு சின்னத் துளைகள், இந்தக் காலத்துப் போனுக்குச் சார்ஜ் குத்துவது போன்றவை. வேறொன்றும் இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கூட்டம் வைத்துக் கதைத்தோம். நான் பிடிவாதக்காரன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அன்று நடந்ததைக் கேளுங்கள். இன்டர்நெட் வயர் குத்தும் துளை வேண்டாம், வைஃபை இருக்கிறது என்றான். விட்டுக்கொடுத்தேன். பெரிய திரைக்குக் குத்தும் எச்.டி.எம்.ஐ வேண்டாம் என்றான். சங்கத்தில் திரையே இல்லை, விட்டுக்கொடுத்தேன். கெமராக் கார்ட்டுக்கு உரியது, ஹெட்போனுக்கு உரியது, அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்தேன். பென் டிரைவ் குத்தும் பழைய யூ.எஸ்.பி துளை ஒன்று மட்டும் இருக்கிற கணினியாக வாங்குவோம் என்றேன். நான்கை விட்டவன் ஒன்றைக் கேட்டால் அது பிடிவாதமா, சேர்?

“அந்தக் காலத்து ஓட்டையெல்லாம் வேணுமெண்டா லெப்டொப் ரொட்டிக்கல்லு மாதிரித்தான் கிடக்கும் நானா,” என்றான் அஷ்பாக். “ஒரு ஹப் வாங்கினாச் சரி. ஒரு நுனியை இதில குத்துங்க, மற்ற நுனியில பென் டிரைவக் குத்துங்க.”

“அது கட்டைவிரல் அளவு சாமான். தொலைஞ்சு போகும்,” என்றேன்.

“நீங்க தொலைக்காம இருந்தா அது தொலையாது.”

முழுக் கூட்டமும் சிரித்தது. அஷ்பாக்கின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவன் நிப்றாஸ், தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்று நீங்கள் கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான்.

மெல்லியதையே வாங்கினார்கள், பூட்டை அதற்கு மாற்றினார்கள், ஹப்பை என் அலுமாரியில் வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர்கள் விடவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போனால், “நானா, ஹப் பத்திரமா?” என்று கேட்பார்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கேட்பார்கள். சாவு நடந்த ஒரு ஜனாஸா வீட்டு வாசலில் வைத்துக்கூட ஒருவன் கேட்டான். சங்கத்து வட்ஸ்அப்பில் என் படத்தைப் போட்டு, கழுத்தில் மாலை போல ஒரு ஹப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான்கு மாதம். எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால் கத்துகிற கோபம் இல்லை. சோறு இறங்காது, படுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நியாயத்தைச் சொல்லிவிட்டு ஊருக்குக் கோமாளியானால் அவன் என்னதான் செய்வான்?

ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை அலுமாரியைத் திறந்து அந்த ஹப்பை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாராவது தேடுவார்கள், காணவில்லை என்பார்கள், பார்த்தீர்களா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை முழுக்க ஒருவரும் தேடவில்லை. வெள்ளிக்கிழமை நிப்றாஸின் போட் வரவில்லை.

விடியமுன் போன போட், ஒன்பது மணிக்குக் கரையில் நிற்கவேண்டும். கூடப் போனவன் றுவைஸ். பத்தரைக்கு நிப்றாஸின் மனைவி நஸ்ரியா சங்கத்துக்கு வந்தாள். “நானா, இவர் இன்னும் வரல்ல. போனும் போகுதில்ல,” என்றாள். அஷ்பாக் ஓடிவந்தான். இயந்திரம் திருத்தும் பஹ்மி வந்தான். மூன்று பேர் ஆயிற்று. கடற்படைக்குச் சொன்னோம். எந்த இடத்தில் தேடுவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். நான் அலுமாரியைத் திறந்து, டின்னை இறக்கி, நிப்றாஸின் பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தேன். என் பொறுப்பில் இருந்தது அப்படியே இருந்தது. ஹப்பைத்தான் காணவில்லை.

எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன், பாயைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி நானா என்று அஷ்பாக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கதிரைக்குக் கீழே கிடந்ததென்று எடுத்துக் கொடுத்திருப்பேன். அதற்காக ஒருதரம் குனிந்தும் விட்டேன். அப்போது அவன் சொன்னான்: “திறப்பு உங்களிட்டத்தானே நானா கிடக்கு. எங்க கொண்டுபோய் வெச்சீங்க?” நஸ்ரியா என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்துவிட்டேன்.

பஹ்மி மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனான். அவன் எந்த இயந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், கணினியைத் தொட்டதில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

“நானா, ரெண்டு விதம் கிடக்கு. ஒண்டில யூ.எஸ்.பி எண்டு போட்டிருக்கு, மற்றதில எச்.டி.எம்.ஐ எண்டு போட்டிருக்கு. எதை எடுக்க?”

நான் யோசித்தேன். சரியானதை எடுத்துவந்தால் ஒரு மணித்தியாலத்தில் காரியம் முடிந்துவிடும். பாத்தீங்களா நானா, ஹப் தொலைஞ்சும் ஒண்டும் நடக்கல்ல என்பான் அஷ்பாக். அதன் பிறகு நான் சாகும்வரை சிரிப்பார்கள். “எச்.டி.எம்.ஐயை எடு,” என்றேன். குரலை உயர்த்தாமல், தெளிவாகத்தான் சொன்னேன்.

அவன் கொண்டுவந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. அவசரத்தில் சரியாகக் கேட்கவில்லைப் போலும் என்று பஹ்மியே தன்னைத் தானே ஏசிக்கொண்டான். நான் மறுக்கவில்லை. அஷ்பாக் ஜும்மாவை விட்டுவிட்டு டவுனுக்குப் பறந்தான். பஹ்மி வாங்கிய கடை தொழுகைக்குப் பூட்டியிருந்தது, திறந்திருந்த கடைகளில் அந்தச் சாமான் இல்லை. நான் பள்ளிக்குப் போனேன். காணாமற்போன இருவருக்காகவும் துஆக் கேட்டார்கள், எல்லோரோடும் சேர்ந்து ஆமீன் சொன்னேன். சுஜூதுக்குக் குனியும்போது ஹப் பையிலிருந்து விழாமல் கையால் பொத்திக்கொண்டேன்.

கடை திறந்து அஷ்பாக் சரியானதை வாங்கிவந்து, மூன்று மணி தாண்டித்தான் புள்ளி திறந்தது. கரையிலிருந்து தென்கிழக்கே பதினான்கு மைல். எங்கள் போட்டுகள் அதுவரை வடக்கே தேடிக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கே கச்சான் எழும்பிவிட்டது. கரையிலிருந்து வெளிக்கடலுக்கு அடிக்கிற காற்று அது, இயந்திரம் நின்ற போட்டை இழுத்துக்கொண்டே போகும். கடற்படை அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆழ்கடல் போட் ஒன்று, கவிழ்ந்து கிடந்த போட்டைக் கண்டது. றுவைஸ் நங்கூரக் கயிற்றால் தன்னை அதோடு கட்டியிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் வரையாவது உயிரோடு இருந்திருப்பான் என்றார் டொக்டர். நிப்றாஸ் இன்னும் கிடைக்கவில்லை. றுவைஸுக்காக நான் வருந்துகிறேன், அவன் அந்தக் கூட்டத்துக்கு வரவேயில்லை.

ஏன் ஒன்றரை மாதம் கழித்து வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதவேண்டாம். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து சங்கம் கூடியது. அஷ்பாக் எழும்பி நின்று அழுதான். தன் காக்காவைத் தானே கொன்றதாகச் சொன்னான். நான் காத்துக்கொண்டிருந்தேன். இனியாவது யூ.எஸ்.பி துளையுள்ள கணினி வாங்குவோம் என்று ஒருவன் சொல்வான் என்று பார்த்தேன். என்ன முடிவெடுத்தார்கள் தெரியுமா? கணினியில் பிழையில்லையாம், கவனக்குறைவாம். ஆறு ஹப் வாங்கி ஒன்றை மேசைக்காலில் கட்டிவைப்பதாம். தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிட்டார்கள். நஸ்ரியா மட்டும் என்னிடம் வந்து, “உங்கட சொல்லக் கேட்டிருந்தா இவர் இருந்திருப்பார் நானா,” என்றாள். “ஓம் புள்ள,” என்றேன்.

இதுதான் ஹப். இதை உங்கள் மேசையில் வைக்கிறேன். தொலையவில்லை, நான் எடுத்தேன். பஹ்மிக்குப் பிழையானதைச் சொன்னதும் நான்தான், தெரிந்துதான் சொன்னேன். அந்த இருவரும் கடலில் போனது என்னால். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

நீங்கள் இதை எழுதுகிற கணினியைப் பார்த்தேன், சேர். தடித்தது, பக்கத்தில் மூன்று யூ.எஸ்.பி துளை இருக்கிறது. மெல்லியதொன்று தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள், அப்படியொன்றால் எங்கள் ஊரில் இரண்டு உயிர் போயிருக்கிறது.