சாருக்குக் காட்டும் விரல்கள்

கால்பந்து பயிற்சி முடிந்து, வேங்கிக்காலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் எப்பவும் மூணு விரல்தான்டி காட்டுவேன்."

"நானும்தான். எவ்ளோ டயர்டா இருக்கீங்களோ அத்தினி விரல் காட்டுங்கனு சார் கேக்கறாரு. எட்டு காட்னா, ரெஸ்ட் எடும்மானு உக்கார வெச்சிடுவாரு. ஞாயித்துக்கிழமை மேட்ச் போயிடும்."

"எல்லாரும் மூணே காட்னா சார் இன்னா நெனைப்பாரு?"

"பிராக்டிஸ் பத்தலனு நெனைப்பாரு. அதான் இந்த வாரம் கிரிவலப் பாதையில ஓட விட்டுட்டாரு."

"அப்போ நாமளேதான் ஜாஸ்தி பண்ணிக்கினோமா?"

மற்றவள் ஷூ லேஸை விரலில் சுற்றினாள். பிறகு ஜன்னலோரத்தவளே கேட்டாள்:

"எனக்கு நைட்டெல்லாம் தூக்கமே வரலடி. கால் இழுத்துக்கினே இருக்குது. நெஜமா சொல்லு, உனக்கு எவ்ளோ?"

மற்றவள் மடியிலிருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"எனக்கும் அவ்ளோதான். நாளைக்கு சார் கேட்டா?"

 மற்றவள் விரித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மூன்று மிஞ்சியதும் நிறுத்திக்கொண்டாள்.