படுக்கைச் சுருள் முதலில் இறங்கியது

ஓடுகிறேன். கடலைக்காட்டு வரப்பு காலை இடறுகிறது. பின்னால் மாமியாரின் குரல்.

"ஓடாத சாமி! வயித்துல புள்ள இருக்குது! நில்லு!"

நிற்கவில்லை. சாலையில் ஒலிப்பான் அலறுகிறது. மூன்று குறில், ஒரு நெடில். என் கணவரின் லாரி.

1971, டிசம்பர். போர் மூண்டு இரண்டாம் வாரம். நாமக்கல்லுக்குத் தெற்கே எங்கள் ஊர். படைக்குச் சரக்கேற்றி அவர் வடமேற்கு எல்லைக்குப் போயிருந்தார். எனக்கு இரண்டு மாதம். மூன்று நிறையும்வரை வெளியே சொல்லலாகாது என்பது வீட்டு வழக்கம். அறிந்தவர் மாமியார் ஒருவரே. அன்று அவரே ஊர் கேட்கக் கத்தினார்.

வானொலி எல்லைச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்பேன். சோறு இறங்கவில்லை. உறக்கம் இல்லை.

லாரி நின்றது. இறங்கியவர் என் கணவர் அல்லர். ஆத்தூர்ப் பக்கத்து ஆள், தொழிலுக்குப் புதியவர். பேசுமுன், பணிவாக, என் கணவரின் படுக்கைச் சுருளை இறக்கி என் காலடியில் வைத்தார். லாரிக் குடும்பங்களில் ஆள் வராமல் படுக்கை மட்டும் வந்தால் அதற்கு ஒரே பொருள். அவர் அதை அறியார்.

ஒலிப்பான் கேட்டுக் கூடியிருந்த ஊர்ப் பெண்கள் ஓலமிட்டனர். மார்பில் அறையும் ஒலி. நான் என் கைகளை லாரியின் முன்கம்பியில் மோதினேன். வளையல்கள் நொறுங்கின.

"உயிரோட இருக்காரும்மா! மஞ்சக்காமாலை! ஆஸ்பத்திரில படுத்திருக்காரு!"

வந்தவர் மூன்றாம் முறை கத்தியபோதுதான் காதில் விழுந்தது. ஓலம் அடங்கியது.

"அத மொதல்ல சொல்றதுக்கென்னய்யா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" மாமியார் சீறினார். சிலர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடியலில் இரத்தம்.

"பயந்து ஓடுனதாலதானுங்களா?" பெண் மருத்துவரிடம் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஓயாத கவலை ஒடம்பக் கெடுக்கும், நெசந்தான். ஆனா தொடக்கத்துல பல கரு தானாவே கலையும். இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. நீ தப்புப் பண்ணல."

அந்த விடை என்னை விடுவிக்கவில்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் பழிக்க ஓரிடம் இருந்திருக்கும்.

போர் ஓய்ந்தது. தை மாதம் அவர் மெலிந்து திரும்பினார். எங்கள் வீட்டுக்கு இழப்பேதும் இல்லை என்றது ஊர். நான் எண்ணுகிறேன். இடக்கையில் ஆறு வளையல். வலக்கையில் ஐந்து; ஒன்று உடையவில்லை. எட்டு வாரக் கரு ஒன்று. ஆணா பெண்ணா, தெரியாது. மாமியார் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தார். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போரில் இறந்தோர்: ஒருவர்.