கைப்பிடியில் தொங்கிய அட்டை

உங்கள் தேஜோன் காவல் நிலையத்துக் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் பல்கலைக்கழக நூலகத்து இயந்திரம் தருவதைக் குடித்தால் வாயில் துரு வாசம்தான் மிஞ்சும்.

தலைவர் பியோவைப் பற்றிக் கேட்டீர்கள். நூல்களைப் பட்டியலிடும் எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். புத்தகத்தின் முதுகைத் தவிர எதையும் படித்தறியாத மனிதர். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்ற விதியை மட்டும் ஓயாமல் ஓதுவார். "எத்தனை புத்தகம் பதிஞ்சேன்னு யாருப்பா கேக்கப் போறா? கட்டுரை போடு, நாற்காலி தானா வரும்."

உதவித் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுதத் தொடங்கினேன். நூலகர்களின் பணிச்சுமை பற்றி.

என் மனைவி சேஹாவுக்கும் அதே பிரிவில்தான் வேலை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டை ஒழித்துப் பெட்டி பெட்டியாக நூல்களை அனுப்பியிருந்தார். பழைய சீன நூல்கள், பாதி பூச்சி அரித்தவை. அவள் அவற்றோடே கிடந்தாள். பகல் சாப்பாடு என்றால் ஒரு கையில் சோற்று உருண்டை, மறு கையால் தட்டச்சு.

"என்னங்க, கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வருது."

"இந்தப் பெட்டியோட நிறுத்திக்கோ," என்றேன்.

முதல் பனி விழுந்த வாரம், மேசைமேல் தலை சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து எல்லோரும் சத்தமில்லாமல் நடந்தோம்.

அவள் சாவுக் கூடத்தில், துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் காரச் சூப்பைப் பியோ இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "மனசைத் தேத்திக்கப்பா. வேலையில முழுகிடு, அதான் மருந்து. அந்தப் பெட்டிங்க வேற மிச்சம் கிடக்கு."

இவரைப் புத்தகப் பூச்சி என்றால் பூச்சிக்கு இழுக்கு.

கீழ்த்தளத்தில் எங்கள் அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடுபவை. பழையவை. ஒட்டி நிற்கும், கைப்பிடியைச் சுற்றினால் நடுவே ஒரு சந்து திறக்கும். உள்ளே போகிறவர் தன் பெயர் அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அட்டை தொங்கினால் யாரும் சுற்ற மாட்டார்கள். இந்த விதியை மீறியவர்களைப் பியோ நாள் முழுக்கத் திட்டுவார்.

திங்கள் காலை அவர் அட்டை தொங்கியது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றினேன். எவ்வளவு பாரம் என்றாலும் அது இலேசாகத்தான் சுற்றும். அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"யாருப்பா அது? உள்ள ஆளிருக்கேன். அட்டை தொங்குது பாரு."

பார்த்தேன். எதுவும் தொங்கவில்லை. சுற்றி முடித்தேன்.

பெட்டிகளைப் பியோ ஓரவஞ்சனையாகப் பிரித்தாரா என்கிறீர்கள். இல்லை. எங்கள் இருவருக்கும் சரிபாதியாகவே கொடுத்தார். கட்டுரை முடியும்வரை என் பாதியை அவள் மேசைப் பக்கம் தள்ளி வைத்தேன். பெண்டாட்டியிடம் உதவி கேட்க என்ன கூச்சம்? கட்டுரையும் நன்றாகவே வந்தது, நாற்காலியும் கிடைத்தது.

நல்ல தலைவராக இருந்திருந்தால், என் பெட்டிகள் மேசை மாறியதை அவர் கவனித்திருப்பார்.