கீழே வைத்த கோப்பை

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் குறைவு. வடக்கே நகரத்தில் வளர்ந்தவர்கள் இப்படித்தான் போடுவார்கள், குறை சொல்லவில்லை. உங்கள் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டேன். இனி உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் மலையில் பிறந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவன் கொடுத்ததைத் தின்றாலும் குடித்தாலும் மூன்று நாளைக்கு அவனுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. கொடுத்தவனையும் அது அதே மாதிரி கட்டும். நேற்று நடந்தது எல்லாமே இந்த ஒரு முறையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

பெயர் முத்லக். மூத்த மகன் பெயர் நிம்ர் என்பதால் ஊரில் அபு நிம்ர், நிம்ரின் அப்பா. பத்தொன்பது வருடமாக அகபாவிலிருந்து பெத்ராவுக்குத் தனி வண்டி ஓட்டுகிறேன். காலையில் விடுதி வாசலில் ஏற்றிக்கொள்வேன், பழைய நகரத்தைக் காட்டுவேன், சாயங்காலம் அதே வாசலில் இறக்கிவிடுவேன். ஆளை ஏற்றிப் போன என் வண்டி காலியாகத் திரும்பியது நேற்று மட்டும்தான்.

முந்தின நாள் மதியம் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ராகான் ஹம்தான். வயது முப்பது. கனடாவிலிருந்து. ஒருவர் மட்டும். அடியில், ஓட்டுநர் முத்லக்தான் வேண்டும் என்று எழுதியிருந்தது. அலுவலகத்துப் பெண் சிரித்தாள். "உங்க புகழ் கனடா வரைக்கும் போயிருச்சு அபு நிம்ர்" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

ராகானின் அப்பன் ஹம்தான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் உம்முல் பியாரா மலை உச்சியில் மூன்று பேர் மலையாடு வேட்டைக்குப் போனோம். நான், என் அண்ணன் ஃபவாஸ், ஹம்தான். ஆடு யார் குண்டில் விழுந்தது என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. ஹம்தான் துப்பாக்கியைப் பிடித்தான். வெடித்தது. அண்ணனுக்குக் கழுத்தில் பட்டது. அவன் சாகக் கொஞ்ச நேரம் ஆனது. ஹம்தான் தன் தலைத்துணியை அவிழ்த்து அந்த ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அன்று மாலைக்குள் ஹம்தானின் ஐந்து தலைமுறைச் சொந்தம் அத்தனையும் குடியிருந்த குகைகளைக் காலி செய்துகொண்டு கிளம்பியது. கொன்றவனின் சொந்தம் ஊரில் இருக்கக் கூடாது, எங்கள் முறை அது. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டுப் போனார்கள். சமாதானம் பேச மூன்று முறை பெரியவர்கள் வந்தார்கள். என் தகப்பனார் மறுத்துவிட்டார். சாகும்போது என் கையைப் பிடித்து, "ரத்தம் பாக்கி இருக்குடா" என்றார். ஆக, வழக்கு முடியவில்லை. நேற்று வரை முடியவில்லை.

ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவனைக் கொல்வது என்று முடிவு கட்டிக்கொண்டு நான் கிளம்பவில்லை. விருந்தாளியைக் கொல்கிற ஈனப்பயல் இல்லை நான். அவன் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டாலும், ஒரு மிடறு குடித்தாலும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க அவனுக்கு வாய்ப்பு இருந்தது. இதைவிட நியாயமாக யார் நடந்துகொள்வார்கள்?

விடுதி வாசலில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஹம்தானின் தாடை அப்படியே. முன்சீட்டில் என் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தான். "நல்லா இருக்கீங்களா சித்தப்பா? வீட்ல எல்லாரும் சுகமா?" என்றான். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பிள்ளைகள்கூட இப்போது அப்படிப் பேசுவதில்லை. அது எங்கள் குகைகளில் முப்பது வருடத்துக்கு முன்னால் பேசிய பேச்சு. கனடாவில் ஒரு வீட்டுக்குள் ஒரே ஆளிடம் கற்றுக்கொண்டிருக்கிறான்.

வண்டியின் முன்பலகையில் பேரீச்சம்பழப் பெட்டி எப்போதும் இருக்கும். அவன் அதைப் பார்த்து, "ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டான். பழம் புழுத்துவிட்டது என்று சொல்லிக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டேன். புழுக்கவில்லை. வழியில் வெயில் ஏறியபோது பின்சீட்டிலிருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனான். வண்டியை நிறுத்திக் கடையில் அவன் காசிலேயே ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மற்றப் பயணிகளுக்கு நானே கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் நேற்று அவசரப்பட விரும்பவில்லை.

மலைப் பிளவைத் தாண்டி உள்ளே போனதும் ஹிஸ்னா பிடித்துக்கொண்டாள். பாறையடியில் பாசிமணி விற்கிறாளே, அவள்தான். என் சித்தப்பா மகள். வாய் சும்மா இருக்காது.

"என்ன அபு நிம்ர், இன்னைக்கு ஒத்தை மாப்பிள்ளைதானா? பொண்ணு எங்க?" என்றாள். அப்புறம் அவனை உற்றுப் பார்த்தாள். "ஏய், இந்தத் தம்பிக்கு நம்ம மூஞ்சி இருக்கே. எங்கேயோ பாத்த மூஞ்சி."

"கனடாக்காரன்" என்றேன்.

"எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, தொண்டை வறண்டு நிக்கிறான். உக்காருப்பா, தேத்தண்ணி கொதிக்குது."

அவன் உட்காரப் போனான். ஹிஸ்னா என் ரத்தம். அவள் தேநீரைக் குடித்தால் அது என்னையும் கட்டும். "மலை ஏற நேரமாச்சு, இறங்கும்போது குடிக்கலாம்" என்று சொல்லி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "அவனுக்கு ஒரு டம்ளர் எடுத்து வச்சிருப்பேன்" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

எல்லாரும் பார்க்க வருகிற, பாறையில் செதுக்கிய கஸ்னா மாளிகையின் தூண்களை அவன் நின்றுகூடப் பார்க்கவில்லை. உம்முல் பியாராவுக்குப் போகலாமா என்று அவனே கேட்டான். வெளியூர்க்காரர்கள் யாரும் கேட்கிற மலை இல்லை அது. ஒன்றரை மணி நேரம் ஏற்றம். பாதிப் படிகள் இடிந்து கிடக்கும். உச்சியில் பாறையைக் குடைந்து செய்த பழைய தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. வாய் சின்னதாகவும் வயிறு பெரிதாகவும் இருக்கும். உள்ளே விழுந்தால் பிடித்து ஏற இடமில்லை. வழியில் இரண்டு இடத்தில் நானே அவனுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். கீழே விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

உச்சியில் யாரும் இல்லை. அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கதானே?" என்றான். இங்கேதான் என்றேன்.

அப்போதுதான் ஃப்ளாஸ்க்கை எடுத்தேன். ஏலக்காய் போட்ட காப்பி, காலையில் என் மனைவி கொடுத்தது. முறைப்படி முதல் கோப்பையை நான் குடித்தேன். இரண்டாவதை வலது கையால் அவனுக்கு நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் குடித்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

அவன் வாங்கினான். இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடிக்காமல் எனக்கு முன்னால் பாறைமேல் வைத்தான். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினேன்.

அவனே பேசினான். "சாகறதுக்கு முன்னாடி அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார் சித்தப்பா" என்றான்.

எல்லாத்தையும் என்றான். அந்த வார்த்தையை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்தத் தொட்டியிலதான் உங்கப்பன் தண்ணி மொள்ளுவான். எட்டிப் பாரு" என்றேன். அவன் ஆசையாக எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. விழும்போது அவன் கத்தவில்லை, அடியில் எலும்பு முறிந்த சத்தம்தான் கேட்டது. அப்புறம்தான் கத்தினான்.

விளிம்பில் உட்கார்ந்தேன். சூரியன் நேர் மேலே இருந்ததால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. எலும்பு வெளியே வந்திருந்தது.

"கால் போச்சு சித்தப்பா. கயிறு இருக்கா?" என்றான்.

"இருக்கு" என்றேன். இருந்தது. மலையேறும்போது எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

"போடுங்க."

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. நான் கால் தவறி அவன்மேல் இடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருக்கிறான். புரிந்த பிறகு அழுதான். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டான். அவன் பாட்டில் மேலே பாறையடியிலேயே இருந்தது, காலியாக. என்னிடம் முழு பாட்டில் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், என் தண்ணீரை அவன் குடித்துவிட்டால் அவனை வெளியே தூக்கி வைத்தியம் பார்க்க வேண்டிய கடமை என் தலையில் விழும். அதைச் சொல்லிப் புரியவைத்தேன். எனக்கும் தாகமாக இருந்தது. அவன் கண் முன்னால் குடிப்பது மரியாதை இல்லை என்று திரும்பி உட்கார்ந்து குடித்தேன்.

அவன் விடாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "கோப்பைய ஏன் கீழ வச்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே சித்தப்பா. கேளுங்க. கேட்டாத்தானே நான் சொல்லணும்? அப்பா அப்படித்தானே சொல்லிக் குடுத்தார்."

ஆமாம் ஐயா, அப்படியும் ஒரு முறை எங்களில் உண்டு. வந்தவனுக்கு ஒரு வேண்டுதல் இருந்தால் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பான். வீட்டுக்காரன், "உன் தேவை என்ன, குடி, தந்தேன்" என்று கேட்க வேண்டும். கேட்கிற வரையில் வந்தவன் தன் வேண்டுதலைச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்க வேண்டியது வீட்டுக்காரனின் கடமை. அவன்தான் என் காப்பியைக் குடிக்கவில்லையே, நான் எப்படி அவனுக்கு வீட்டுக்காரன் ஆவேன்?

கடைசியில் அவன் முறையை மீறிவிட்டான். "கேக்கலைன்னாலும் நானே சொல்லிடறேன். அன்னைக்கு நடந்ததுல..." என்று ஆரம்பித்தான். தொட்டிக்குள்ளிருந்து குரல் பெரிதாகக் கேட்டது. கீழே யாருக்காவது கேட்டுவிடும் போலிருந்தது. நான் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தேன். கயிறு போடப்போகிறேன் என்று நினைத்து இரண்டு கையையும் மேலே நீட்டினான். முதல் கல் கையில் பட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவது கல் நெற்றியில் பட்டது, அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, ஆனால் வாய் அசைந்துகொண்டிருந்தது. அதனால் இன்னும் இரண்டு போட்டேன். ஐந்தாவது கல்லைத் தூக்க எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இந்த வயதில் அவ்வளவு பெரிய கல்லைத் தூக்கக் கூடாது. முகம் இருந்த இடத்தில் அந்தக் கல்தான் கிடந்தது. ஆறாவது தேவைப்படவில்லை.

இறங்கி வந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. "எங்க அந்தத் தம்பி?" என்று ஹிஸ்னா கேட்டாள். "மேலதான் இருக்கான்" என்றேன். பொய் இல்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த தேநீர் ஆறிப்போயிருந்தது. வீணாக்க வேண்டாம் என்று நானே குடித்தேன். இந்த மூன்று நாளைக்கு அவளை நான் கோபித்துக்கொள்ள முடியாது. காவலர்களிடம் போய்ச் சொன்னது அவள்தான் என்பது எனக்குத் தெரியும்.

கால் தவறி விழுந்தான் என்று நான் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். கல் மேலிருந்து சரிந்தது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அறைக்குள் வந்ததும், "பாறைமேல் ஒரு கோப்பை காப்பி நிரம்பியபடியே இருந்ததே, அதை ஏன் குடிக்கவில்லை?" என்று கேட்டீர்கள். வடக்கத்திக்காரர், எங்கள் முறை தெரியாமலே சரியான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன். அதைக் கொட்டவும் எனக்கு மனம் வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்த கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். ஹம்தானின் கையெழுத்துதான், எனக்கு அடையாளம் தெரியும். தம்பி முத்லக், உன் அண்ணனின் ரத்தம் என் தலைமேல் இருக்கிறது, அதை நான் சுமந்துகொண்டே போகிறேன், என் மகனுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அவனை மன்னிப்புக் கேட்க உன்னிடம் அனுப்புகிறேன், தொட்டியோரத்து மண் ஒரு பிடி கொடுத்தனுப்பினால் என் குழியில் போடுவார்கள். அவ்வளவுதான் என்றீர்கள். நான் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தீர்கள். நான் மனம் கலங்கிவிட்டேன் என்று நினைத்துத் தேநீர் வரவழைத்தீர்கள். நல்ல மனிதர்.

துப்பாக்கி என்னுடையது. அது ஊருக்கே தெரியும், அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. நான்தான் அதை ஹம்தானுக்கு நேரே நீட்டினேன், அண்ணன் நடுவில் வந்தான், ஹம்தான் குழலைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தான். அதுவும் சின்ன விஷயம்தான். நான் செய்தது அண்ணனின் ரத்தத்துக்காக. வேறு எதற்காகவும் இல்லை. உங்கள் தேநீரைக் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

சிரமம் பார்க்காமல் அந்தக் கடிதத்தை இன்னும் ஒரே ஒரு முறை வாசியுங்கள் ஐயா, பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். விசையில் இருந்தது என் விரல் என்று அதில் எங்கேயும் எழுதவில்லைதானே?