ஃபிதென்சியோவுக்குப் போர்த்திய ஜாக்கெட்

கொதிக்கிற உடம்பில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. மெக்சிகோவின் ஒஹாகா மலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

என் குழுவில் இருபத்தாறு பேர். எல்லோரும் அந்த மலைக்காரர்கள்தான். கலிபோர்னியாவுக்கு நான்தான் அழைத்து வந்தேன். மிஷ்தேக் மட்டும் பேசுவார்கள், ஸ்பானிஷ் வராது. அதனால் ஏப்ரல் மாதம் வெயில் நோய்ப் பயிற்சித் தாளை நான்தான் அவர்கள் மொழியில் சொல்வேன். மேஸ்திரியின் வேலை அது.

அன்று திராட்சைத் தோட்டத்தில் நூற்றொன்பது டிகிரி. மதியம் ஒரு மணிக்கு ஃபிதென்சியோ திராட்சைப் பெட்டியோடு தள்ளாடினான்.

"காலையிலயே ஏத்திட்டியா மச்சான்?" என்றான் பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த எபிஃபானியோ. "எங்களுக்கும் ஒரு வாய் வெச்சிருக்கக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபிதென்சியோ திராட்சைக் கொடியைப் பார்த்து, "அம்மா, கதவத் தெற," என்றான். அவன் தோலில் வியர்வையே இல்லை.

அவன் மனைவி ஒதிலியா ஐஸ் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"ஊத்தாத தங்கச்சி. வெந்த உடம்பு, நரம்பு இழுத்துக்கும். உங்கம்மா சொன்னதில்லையா?"

"நெருப்பா கொதிக்குதேண்ணே. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

"அவனுங்க வந்தா மொதல்ல ஐஸத்தான் வெப்பானுங்க. நம்ம உடம்பப் பத்தி அவனுங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் கேனைக் கீழே வைத்தாள்.

என் ஜாக்கெட்டை அவனுக்குப் போர்த்தி வேனில் படுக்க வைத்தேன். காற்றுப் படாதபடி கதவைச் சாத்தினேன். மூன்றரைக்கு வரிசையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தோம். உடம்பு அப்போதும் சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்தக் கோடையில் இரண்டு முறை ஆம்புலன்ஸ் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் குழுவையே அனுப்பிவிடுவேன் என்றார் முதலாளி. இருபத்தாறு குடும்பம். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தாளில் ஏழாவது வரி, உடனே ஐஸ் வையுங்கள் என்பது. அதை நான் மிஷ்தேக்கில் சொன்னதில்லை. நம்மவர்கள் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒதிலியாவுக்கு என்மேல் கோபம் இல்லை. அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தடுத்ததாலதாண்ணே இழுப்பு வராம அமைதியாப் போனாரு," என்றாள். நான் தலையசைத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு நானே வெயிலில் விழுந்தேன். மருத்துவமனையில் என்னை ஐஸில்தான் கிடத்தினார்கள். அதை இவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டேன்.